கடலுக்குள் விழுந்த காய்ச்சல்

மூன்றாம் தடவையும் என் கடைக்குள் நுளம்புக்குப் புகையடித்துவிட்டுப் போனார்கள். அன்று காலையில் சுட்ட உழுந்து வடை முழுவதும் மண்ணெண்ணெய் மணம். ஒரு தட்டு வடையை அப்படியே தூக்கிக் கடலில் கொட்டினேன். மீன்கூட அதைத் தொட்டிருக்காது. லாஞ்சிப் படகுக்கு நின்ற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றது. போகிற போக்கில் கதவில் ஒரு சிவப்புத் தாளையும் ஒட்டிவிட்டார்கள். ‘டெங்கு அபாய இடம்.’

நான் இரத்தினேஸ்வரி. மூதூர் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை நானும் மறைக்கவில்லை. ஆனால் என் கடையில் குப்பை கிடந்தது என்று ஒருவன் சொல்லட்டும் பார்ப்போம். ஒரு சிரட்டை கிடையாது, பழைய ரயர் கிடையாது, பூச்சாடி கிடையாது. தண்ணீர்ப் பீப்பாவுக்கு மூடி போட்டு, அந்த மூடிக்கு மேலே கல்லும் வைத்திருக்கிறேன். அப்படியிருக்க, லாஞ்சிக்காரப் பொடியன்கள் எனக்கு ‘நுளம்பு ராசாத்தி’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

“தம்பி, இஞ்ச வாங்கோ. நீங்களே ஒருக்காப் பாருங்கோ,” என்று இன்ஷாபைக் குசினிக்குள் கூட்டிப் போனேன். இன்ஷாப் எங்கள் பகுதியின் சுகாதாரப் பரிசோதகர். தங்கமான பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் ‘மேல செல்றாங்க’, அதாவது மேலிடம் சொல்கிறது, என்பதைத் தவிர வேறொன்றும் வராது.

அவர் டோர்ச் அடித்துப் பீப்பாவைப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைக்கூட இழுத்துப் பார்த்தார்.

“ஒண்டும் இல்லத்தான் அக்கா.”

“அப்ப என்ன கோதாரிக்குப் புகையடிச்சனீங்கள்?”

“கோவப்படாதீங்க. இதப் பாருங்க,” என்று கையிலிருந்த டெப் கணினியை நீட்டினார்.

அந்த டெப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் பகுதிக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். எங்கள் பகுதிக்கு வந்த ஒன்று மூன்று பேருக்குப் பொது: இன்ஷாபுக்கு, குடும்பநல மருத்துவிச்சி றுக்கியா மிஸ்ஸுக்கு, கால்நடைக் கந்தோர் சசிகரனுக்கு. ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலும் மாட்டுக்கு நோய் வந்தாலும் கோழி கொத்தாகச் செத்தாலும் எல்லாம் அதற்குள் போகும். போனால் ஒரே வரைபடத்தில் புள்ளி விழும். புள்ளி கூடினால் அந்த இடம் சிவக்கும். திருகோணமலையிலும் பார்க்கலாம், கொழும்பிலும் பார்க்கலாம். நோய் பரவுவதற்கு முதலே பிடித்துவிடலாமாம். யோசனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்கள் செத்த பிறகு புகையோடு வந்து நிற்பதைத்தான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறோம். முன்கூட்டியே தெரிந்தால் யாருக்குக் கசக்கும்?

மூன்று பேரும் காலையில் சம்பூர், கிளிவெட்டி என்று உள்ளே போவார்கள். அங்கே பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கோடு விழாது. டெப் சுற்றிச் சுற்றிக் கொண்டே நிற்கும், அனுப்பாது. அதனால் கண்டதைத் தாளில் குறித்துக்கொண்டு, மத்தியானம் இறங்குதுறைக்கு வருவார்கள். இங்கே தண்ணீருக்கு மேலால் நேரே திருகோணமலை டவுனிலிருந்து முழுக் கோடும் விழும். என் பின்மேசையில் காற்றாடிக்குக் கீழே இருந்து, என் கரண்டில் டெப்பைக் குத்தி, பிளேன்டீ குடித்துக்கொண்டு ஒருவர் மாறி ஒருவர் தட்டுவார்கள். அந்த மேசைதான் அவர்களின் கந்தோர். அந்த வருமானம் எனக்கும் கசக்கவில்லை.

வரைபடத்தில் ஒரு சிவப்பு வட்டம். அதன் நடுவில் என் கடை. கூரையின் நீலத் தகரம்கூடத் தெரிந்தது.

“காய்ச்சல்காரங்க எல்லாம் இந்த ஜெட்டியால வந்து போறவங்களா இரிக்கலாம். மேல அப்பிடித்தான் செல்றாங்க,” என்றார் இன்ஷாப்.

“என்ர கடையில தேத்தண்ணி குடிச்சாக் காய்ச்சல் வருமெண்டு சொல்றீங்களோ?”

“நான் செல்லல்ல அக்கா. மெப்பு செல்லுது.”

இதற்குள் என் தங்கை கஜந்தினியின் கதை வேறு. அவள் சம்பூருக்கு உள்ளே நாவலடியில் இருக்கிறாள். இரண்டாயிரத்து ஆறுச் சண்டையில் ஓடிய சனம், கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காய்க் கிடந்துவிட்டுத் திரும்பிப் போன ஊர். பாதி வளவுக்காரர் இன்னும் வரவில்லை. அவர்களின் கிணறுகள் மூடியில்லாமல் வாய் பிளந்து கிடக்கின்றன. மற்றக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். பவுசர் லொறியில் வரும் தண்ணீரைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் பீப்பாவில் பிடித்து வைப்பார்கள். நுளம்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கஜந்தினிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. இது மூன்றாவது. ஏழு மாதம் தாண்டிவிட்டது. அவள் புருசன் வினோதன், கடலுக்குப் போகிறவன், பிள்ளை பிறக்கு முதலே கூரை வளையில் ஏணைத் தொட்டிலுக்குக் கயிறு கட்டிவிட்டான். “உனக்கென்னடா அவசரம்?” என்று கேட்டால், “இந்த முறை நிக்கும் அக்கா,” என்பான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போது கும்பிட ஒரே ஒரு காரியம்தான் இருந்தது.

அவள் போன் எடுப்பதென்றால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு நடந்து வந்து, இரும்பு ஏணியில் இரண்டு படி ஏறி நிற்க வேண்டும். அந்த ஊரில் கோடு விழும் இடம் அது ஒன்றுதான். அன்றைக்கும் அப்படித்தான் நின்று எடுத்தாள்.

“உந்த வயித்தோட ஏனடி ஏணியில ஏறுறாய்?”

“அதை விடுங்கோ அக்கா. எங்கட ஒழுங்கையில வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்து வீட்டுத் துஷாந்தியும் பிள்ளைத்தாச்சி, பயத்தில நுளம்பு வலையை விட்டு இறங்குறாள் இல்லை. புகையடிக்கிற ஆக்களை இஞ்சால அனுப்பச் சொல்லுங்கோவன்.”

அன்றைக்கே இன்ஷாபைப் பிடித்தேன்.

“தெரியும் அக்கா. நாவலடிக்கு நானும் றுக்கியா மிஸ்ஸும் போனதானே. எல்லாத்தையும் எழுதிப் போட்டம். ஆனா மெப்புல அந்த ஊர் சிவக்கல்ல. சிவந்தாத்தான் மெசின் தருவாங்க.”

“நீங்கள் கண்ணால கண்டனீங்கள்தானே?”

“நான் கண்டு என்ன செய்ற அக்கா? மெப்பு காணோணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. நுளம்பு இல்லாத என் கடைக்கு மூன்று தடவை புகை. நுளம்புக்குள் படுத்துக் கிடக்கிற ஊருக்கு ஒன்றுமில்லை. பின்மேசைக்குப் போய் டெப்பின் வயரைப் பிடுங்கினேன்.

“நாளையில இருந்து உந்தச் சாமானோட ஒருத்தரும் என்ர கடைக்குள்ள வரக்கூடாது. உது வந்த நாள் தொட்டுத்தான் எனக்குச் சனி.”

றுக்கியா மிஸ் சிரித்தாள். “அக்கா, டெப் என்ன நுளம்பா?”

“நுளம்பெண்டா அடிச்சாச் சாகும் மிஸ். உது சாகுதில்லையே!”

அவர்களும் ரோசக்காரர்கள்தான். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. இன்ஷாபுக்கு வீடு டவுனில். பின்னேர லாஞ்சியில்தான் திரும்புவார். மற்ற இருவரும் தங்கள் தாள்களை அவரிடம் கொடுத்துவிட, அவர் லாஞ்சியில் காற்று வாங்கிக்கொண்டு எல்லோருடையதையும் தட்டி அனுப்பினார். கடலுக்கு நடுவில் கோட்டுக்குக் குறைவில்லை என்று எனக்கே வந்து பெருமையாகச் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் என் கடையின் சிவப்பு மங்கியது. பிறகு மஞ்சள். பிறகு பச்சை. மூதூர்ப் பக்கம் முழுவதும் பச்சை. மேலிடத்தில் இன்ஷாபைப் பாராட்டினார்களாம். புகை மெசினைத் தம்பலகாமத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். கதவில் ஒட்டிய தாளை நானே கிழித்து அடுப்பில் போட்டேன். சனம் திரும்பி வந்தது, வடை விற்றது. நான் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே சந்தோசப்பட்டேன்.

அந்தச் சந்தோசத்துக்குள்தான் வினோதனின் போன் வந்தது.

“அக்கா, இவளுக்குக் காய்ச்சல்.”

“எத்தினை நாளாடா?”

“முந்தநாள் தொடங்கினது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அங்க மெப்பைப் பாத்திட்டு, இந்தப் பக்கம் பச்சை, சாதாரணக் காய்ச்சல்தான் எண்டு பனடோல் தந்து அனுப்பிட்டாங்கள். சிவப்பெண்டா வயித்துப் பிள்ளைக்காரிய அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்தோணுமாம். பச்சையெண்டா வீட்டில வைச்சுப் பாக்கலாமாம்.”

“ஊர் முழுக்கக் காய்ச்சல் எண்டு நீ சொல்லேல்லையா?”

“சொன்னனான் அக்கா. அப்பிடியெண்டா மெப்பில வந்திருக்கும் எண்டாங்கள்.”

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. உடனே மூதூருக்குக் கூட்டி வா என்று கத்தினேன்.

“இப்ப காய்ச்சல் விட்டிட்டுது அக்கா. களைச்சுப்போய்க் கிடக்கிறாள். நித்திரை கொள்ளட்டும், நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாறன்,” என்றான்.

காய்ச்சல் விட்டது என்றதும் எனக்கும் மூச்சு வந்தது. அம்மாளாச்சி கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது இன்ஷாப் லாஞ்சிக்கு நின்றார், றுக்கியா மிஸ் தன் தாளை அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபத்தை மறந்து போய்ச் சொன்னேன். றுக்கியா மிஸ்ஸின் முகம் மாறியது.

“விட்டிட்டா? எப்ப?”

“இண்டைக்குக் காலமையாம். ஏன் மிஸ்?”

“டெங்கெண்டா காய்ச்சல் விட்ட பொறகுதான் அக்கா பயம்,” என்றாள். சொல்லிக்கொண்டே அம்புலன்சுக்கு அடித்தாள். நாவலடிக்கு வழியை இரண்டு தடவை சொன்னாள்.

நான் இன்ஷாபின் பக்கம் திரும்பினேன். “நாவலடியில காய்ச்சல் எண்டு எழுதிப் போட்டதெண்டு சொன்னீங்கள். எங்க? காட்டுங்கோ பாப்பம்!”

அவர் டெப்பைத் திறந்தார். நாவலடி என்று அவர் கையால் எழுதிய ஒரு பதிவைத் தொட்டார். வரைபடம் விரிந்தது. முழுவதும் நீலம். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அடுத்ததைத் தொட்டார். அதுவும் நீலம். அதற்கடுத்ததும் நீலம். புள்ளிகள் எல்லாம் கொட்டியாரக் குடாவுக்கு நடுவில், லாஞ்சி போகும் பாதையில் வரிசையாக நின்றன.

“அல்லாவே,” என்றார். பழைய பதிவுகளுக்குப் போனார். அவை எல்லாம் என் பின்மேசையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

“நாங்க அனுப்பின இடத்தத்தான் இது பிடிச்சிரிக்கி. நோயாளி இரிந்த இடத்தயில்ல.”

“ஊர்ப் பேர் எழுதினீங்கள்தானே?”

“எழுதினன். அது கீழ ஒரு மூலையில கெடக்கு. மெப்பு அத வாசிக்கிறல்ல போல.”

கந்தோருக்கு அடித்தார். மறுபக்கத்தில் ஒரு பொடியன் மிகவும் மரியாதையாகக் கதைத்தான். கடலில் விழுகிற புள்ளிகளைச் சிஸ்டம் தானாகவே கழித்துவிடுமாம். கடலில் ஆட்கள் இல்லைத்தானே, அதனால் பிழை என்று எடுக்குமாம். நான் போனைப் பறித்தேன்.

“தம்பி, கிழமைக் கணக்காக் கடலுக்குள்ள காய்ச்சல் விழுகுது. யாருக்குக் காய்ச்சல்? சுறாவுக்கா? உங்கள் ஒருத்தருக்கும் யோசினை வரேல்லையா?”

“அம்மா, அதை நாங்கள் பாக்கிறேல்லை. அது தானாக் கழியும்.”

“சரி, இப்ப சொல்றன்தானே. திருத்துங்கோ!”

“எங்களுக்கு ஏலாது அம்மா. இது எல்லாருக்கும் பொதுவான சிஸ்டம். சுகாதாரம், கால்நடை, மாகாணம், கொழும்பு எல்லாம் சேந்தது. ஒரு ஆள் தனியக் கைவைக்க ஏலாது. அந்த இடத்துக்கே போய்த் திரும்ப அனுப்பச் சொல்லுங்கோ.”

எல்லோருக்கும் பொதுவாம், அதனால் ஒருவரும் கை வைக்க முடியாதாம். போனைக் கடலில் எறியாமல் விட்டது அது இன்ஷாபுடையது என்பதால்தான்.

இன்ஷாப் லாஞ்சியைப் போகவிட்டார். “ஏறுங்க அக்கா,” என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். கடையைப் பூட்டாமலே பின்னால் ஏறினேன். வழி முழுக்க அவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவரையும் மேலிடத்தையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு போனேன். நான் துரத்தாமல் இருந்திருந்தால் மூதூராவது சிவப்பாய் நின்றிருக்கும், புகை மெசினாவது பக்கத்தில் நின்றிருக்கும் என்பது அந்த வழியில்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் போய்ச் சேர, கஜந்தினியை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

“காய்ச்சல் விட்டிட்டுது அக்கா. ஏன் இவ்வளவு அமளி?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

“ஒண்டுமில்லையடி. சும்மா ஒருக்காப் பாத்திட்டு விடுவாங்கள். நீ போட்டு வா.”

ஒருவர்தான் கூட ஏறலாம் என்றார்கள். வினோதன் ஏறினான். வண்டி போன பிறகும் நான் ரோட்டில் நின்றேன். இன்ஷாப் வந்து மெதுவாகச் சொன்னார், “அக்கா, தண்ணித் தாங்கி எங்க இரிக்கி?”

அரசாங்கச் சப்பாத்தோடும் தோளில் தொங்கிய டெப்போடும் அவர் அந்த ஏணியில் ஏறினார். டெப்புக்குக் கோடு போதாமல் உச்சிவரை போய்க் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“முதல் ஆள் ஆரக்கா?” என்று மேலிருந்து கத்தினார்.

“கஜந்தினி,” என்றேன். குரல் அவருக்குக் கேட்டிருக்காது. துஷாந்தி, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்காகத் திரும்பக் கத்தினாள்.

பிறகு ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் காய்ச்சலைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். காற்றடித்தால் கோடு போய்விடும். காத்திருந்து திரும்பத் தட்டினார். எல்லாம் முடிந்து, “சிவந்திட்டு!” என்று கத்தினார். கீழே நின்ற சனத்துக்குச் சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

பொழுது படுவதற்குள் புகை மெசின் வந்தது. இரத்தம் பார்க்கிற வாகனம் வந்தது. டொக்டர் வந்தார். படம் எடுக்கக்கூட ஒருவர் வந்தார். ஆட்களில்லாத வளவுகளுக்குள் பாய்ந்து பாய்ந்து கிணறுகளுக்கு வலை கட்டினார்கள். இவ்வளவு சாமானும் இவ்வளவு ஆட்களும் இத்தனை நாளும் எங்கே படுத்துக் கிடந்தார்கள் என்று கேட்டேன்.

இரண்டாம் நாள் காலை பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ஆம்பிளைப் பிள்ளை. கஜந்தினி பிழைத்துக்கொண்டாள். பெரிய காரியம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். வினோதன் வெளியே கதிரையில் இருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஷாப் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே வராமல் விறாந்தையில் நின்றார். நான் வெளியே போனேன்.

“மேல சந்தோசமாம் அக்கா,” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “சிவந்த ஒடன மெசின் போயிட்டாம். சிஸ்டம் நல்லா வேலை செய்யுதாம். அறிக்கையில போடப் போறாங்களாம்.”

வாய் நீளம் என்று பெயரெடுத்த நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரைத் திட்டுவது? இவரையா? கிளினிக்கில் மெப்பைப் பார்த்துப் பனடோல் கொடுத்தவர்களையா? மரியாதையாகக் கதைத்த அந்தப் பொடியனையா? மேசையை விட்டுத் துரத்திய என்னையா? ஒருவரும் முழுசாய் அகப்படவில்லை.

“கடைக்கு வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடியுங்கோ,” என்றேன். “ஆனா தட்டுறதை அங்க போய் நிண்டு தட்டுங்கோ.”

அவர் ஓம் என்று தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

உள்ளே கஜந்தினி விழித்துக் கிடந்தாள்.

“இப்ப அங்க சிவப்பா அக்கா?”

“ஓம்.”

“புகையடிச்சாங்களா?”

“அடிச்சாங்கள். கிணத்துக்கெல்லாம் வலையும் போட்டிட்டாங்கள்.”

என் பக்கம் திரும்பினாள். “துஷாந்திக்கு ஒண்டுமில்லையே?”

சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். இவளிடம் எதை மறைத்து என்ன?

“அவளுக்கு நேற்றுக் காய்ச்சல் தொடங்கினது. சிவப்பெண்டபடியால் அண்டைக்கே ஏத்திக்கொண்டு வந்திட்டாங்கள். கீழ்வாட்டில இருக்கிறாள். பிள்ளை நல்லாத் துடிக்குதாம்.”

“நல்லம்,” என்றாள் கஜந்தினி.

போர்வைக்கு மேலால் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிறகு அது நினைவு வந்தவள் போல எடுத்துவிட்டாள்.